கடைசிக் கட்டைத் தூரம்

குளம் நிறைந்திருப்பதனால் மட்டும் வயல் விளைந்துவிடாது. வாய்க்கால் வழியே வருகின்ற நீர் கடைமடையை எட்டவேண்டும். எட்டாவிடின், குளத்தின் பரப்பும் அணைக்கட்டின் உயரமும் கடைமடை வயலுக்குரியவனுக்கு வெறும் செய்திகளாகவே நின்றுவிடும். அம்பாறை மாவட்டத்து உழவர்களுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள்.

இக்காலத்தில், நீரைப் போலவே வாய்க்கால் வழியாக ஊர்களுக்கு வந்து சேர்கின்ற இன்னொரு பொருளும் உண்டு. அதுவே இணையம். அதன் வாய்க்கால் சில இடங்களிற் செப்புக் கம்பி. சில இடங்களில் மயிரிழை போன்ற கண்ணாடி இழை. வேறு சில இடங்களிற் கோபுரத்திலிருந்து பரவும் வானலை. எவ்வாறாயினும் அங்கும் தலைமடை உண்டு, கடைமடையும் உண்டு. நகரத்திலிருந்து கிராமம் வரை வந்த தொடர்பு, கிராமத்துச் சந்தியிலிருந்து வீட்டு வாசல் வரை வந்து சேராமல் நின்றுவிடுகின்ற நிலை இலங்கையின் கிராமங்களுக்குப் புதியதன்று. மைலைக் கட்டை என்று வழங்குவது இந்நாட்டுத் தமிழரின் மரபு. அம்மரபையொட்டி, எஞ்சி நிற்கும் அந்தச் சிறு தொலைவைக் கடைசிக் கட்டைத் தூரம் எனலாம். அதனைக் கடப்பது ஏன் இத்துணை அரிதாயிற்று என்பதே இங்கு ஆராயப்படுவது.

கல்முனைக்குத் தெற்கே, அக்கரைப்பற்றைக் கடந்து, திருக்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பழைய ஊர் தம்பிலுவில். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 வீதி இவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. கிழக்கே கடல், மேற்கே நெல் விளையும் வட்டைகள், நடுவே கண்ணகை அம்மன் கோயிலும் பாடசாலைகளும் தென்னஞ்சோலைகளும் வீடுகளும். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையிலே, நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஒழுங்கைகள் கிளைத்துச் செல்கின்றன. சில ஒழுங்கைகள் கடற்கரை மணலில் முடிகின்றன. சில வட்டையின் வரம்பில் முடிகின்றன.

அத்தகைய ஒழுங்கை ஒன்றின் கோடியில் உள்ள வீடொன்றை நேயர்கள் மனக்கண்ணாற் காணலாம். அது எந்த ஒரு குறிப்பிட்ட வீடும் அன்று. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடு. தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர். மூத்த மகன் கட்டாரிலே தொழில் புரிகிறான். மகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயில்கிறாள். இளையவன் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கிறான். வீட்டில் இணைய வசதி இல்லாமலில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அது நொண்டத் தொடங்கும். மகனின் முகம் திரையில் உறைந்து நிற்கும். குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். வேகமான இணைப்பு வேண்டும் என்று தந்தை நகரத்து அலுவலகத்துக்குச் செல்கிறார்.

“சந்தி வரைக்கும் பைபர் வந்திருக்கு ஐயா. உங்கட ஒழுங்கைக்குத்தான் இன்னும் வரல்ல.”

“எத்தனை நாளாகும், தம்பி?”

“அதைச் சொல்ல ஏலாது ஐயா. விண்ணப்பத்தைத் தந்திட்டுப் போங்க.”

இவ்வுரையாடலில் எவரும் பொய் பேசவில்லை. முகப்பில் இருக்கும் இளைஞனுக்கு உண்மையிலேயே நாள் தெரியாது. கேட்கும் முதியவருக்கோ, எதனைக் கேட்டால் விடை கிடைக்கும் என்பது தெரியாது. இருவருக்கும் இடையே உள்ள இந்த அறியாமையே, கம்பி இல்லாத குறையைக் காட்டிலும் பெரிய குறை.

இந்நாட்டின் தொலைத்தொடர்பு வரலாறு நீண்டது. கொழும்புக்கும் காலிக்கும் இடையே முதலாவது தந்திக் கம்பி 1858ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அரசாங்கத் திணைக்களத்தின் கையிலிருந்த இத்துறை, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தினாற் கூட்டுத்தாபனமாயிற்று, 1996இற் கம்பனியாயிற்று, 1997இல் ஜப்பானிய நிறுவனமாகிய என்ரிரி அதன் பங்குகளில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலானவற்றை வாங்கியது. 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. ஒரு தொலைபேசி இணைப்புக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த காலம் அதன்பின் மெல்ல மறைந்தது. பழைய செப்புக் கம்பியிலேயே இணையத்தையும் அனுப்பும் முறை 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இங்கு வந்து சேர்ந்தது.

கடலுக்கு அடியால் வந்த கம்பிகளின் கதையும் குறிப்பிடத்தக்கது. 2005இற் கொழும்புக்கு ஓர் ஒளியிழை வடம் வந்தது. 2006இல் தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்கு இன்னொன்று வந்தது. 2016இல் மாத்தறைக்கு மற்றொன்று வந்தது. கண்ணாடி இழையினுள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட செய்தி கண்ணிமைக்கும் நேரத்திற்குள் மாத்தறையை அடைந்துவிடும். ஆயினும், இவ்வடங்கள் யாவும் நாட்டின் மேற்குக் கரையையும் தெற்குக் கரையையுமே தொட்டன. கிழக்குக் கரைக்கு வரும் இணையம் நாட்டைக் குறுக்காகக் கடந்தே வரவேண்டும். வங்கக் கடலின் ஓசையைக் கேட்டுக்கொண்டே துயிலும் ஊருக்கு, கடல் வழி வந்த செய்தி தரைவழியாகவே வந்து சேர்கின்றது.

கிழக்கின் துயரங்களையும் இங்கு நினைத்துக்கொள்ளல் தகும். போர் நிகழ்ந்த ஆண்டுகளில், கம்பங்களை நாட்டுவதும் கம்பிகளைப் பேணுவதும் எளிய செயல்களாக இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையின் மாவட்டங்கள் அனைத்திலும் அம்பாறை மாவட்டத்திலேயே கூடுதலான உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாண்டவர் தொகை பத்தாயிரத்துக்கு மேற்பட்டது. கரையோரத்தில் வீடும் வீதியும் கம்பமும் ஒருங்கே அழிந்தன. அதன்பின் கிராமங்களுக்கு விரைந்து வந்தவை கம்பியில்லாத் தொலைபேசிகளே. குரலைக் கேட்பதற்கு அவை போதுமானவையாக இருந்தன. ஆனால் கம்பி செல்லாத ஒழுங்கை கம்பி செல்லாத ஒழுங்கையாகவே நின்றது.

இனி, வேகம் என்பது எதனாற் கூடுகின்றது, எதனாற் குறைகின்றது என்பதைப் பார்ப்போம். தொலைபேசிக்கெனச் சமைக்கப்பட்ட செப்புக் கம்பி மனிதக் குரலை ஏந்திச் செல்வதற்காக உருவானது. குரலுக்கு வினாடிக்கு மூவாயிரத்து நானூறு அதிர்வுகள் வரை போதும். அதே கம்பியில் இணையத்தைச் செலுத்தும்போது வினாடிக்குப் பத்து இலட்சம், இருபது இலட்சம் அதிர்வுகள் வரை அனுப்பவேண்டியதாகின்றது. அதிர்வு எண் உயர உயர, தூரத்திற் செய்தி விரைவில் நலிந்துபோகும். ஆகையினால், இணைப்பகத்துக்கு அருகில் உள்ள வீட்டுக்கு இம்முறையில் 24 மெகாபிற்று வரை கிடைக்கக்கூடுமாயினும், மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் அதில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். ஐந்து கிலோமீற்றர் அளவில் ஓரிரு மெகாபிற்று மிஞ்சினாலே பெரிது. கடற்கரை ஊரின் உப்புக்காற்று மூட்டுகளில் களிம்பேற்றும். மாரி மழையில் ஈரம் புகும். இவை ஏற்கெனவே மெலிந்த கம்பியை மேலும் மெலிவிக்கும்.

இங்கு ஓர் உண்மை தெளிவாகின்றது. அத்தகைய கம்பியை உடைய வீட்டுக்காரர் உயர்ந்த கட்டணமுடைய திட்டத்துக்கு மாறினாலும் வேகம் உயர்வதில்லை. மாறவேண்டியது கட்டணமன்று, கம்பி. பெரிய வாளியை வாங்கிவிட்டால் வாய்க்காலில் நீர் பெருகுமா? இதனை அறியாமற் பணத்தைக் கூடுதலாகக் கட்டிவிட்டு ஏமாறுவோர் உளர்.

ஒளியிழை இத்தொல்லைகளினின்றும் பெரிதும் நீங்கியது. கண்ணாடியினூடே செய்தியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று சாள்ஸ் காவ் என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டிற் காட்டினார். கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒளி பெரிதும் நலியாது என்பதே அவர் கண்ட உண்மை. 1970இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அத்தகைய இழையைச் செய்துகாட்டிற்று. காவ் அவர்களுக்கு 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று வீடுகளுக்கு இடப்படும் ஒளியிழை அமைப்பில், இணைப்பகத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியிலே ஒரு சிறு பெட்டியில் 32 கிளைகளாகவோ 64 கிளைகளாகவோ பிரிகின்றது. பரவலாக வழங்கும் முறையில் அவ்வொரே இழை ஏறத்தாழ இரண்டரைக் கிகாபிற்றைச் சுமக்கும். 32 வீடுகளும் ஒரே கணத்தில் முழு அளவிற் பயன்படுத்தினாலும் வீடொன்றுக்கு 77 மெகாபிற்று வரை கிடைக்கும். இணைப்பகத்திலிருந்து 20 கிலோமீற்றர் வரை அது செல்லும். ஆகவே, சந்தியிலிருந்து ஐந்நூறு மீற்றரில் உள்ள வீடு ஒளியிழைக்குத் தொலைவில் உள்ள வீடு அன்று.

அவ்வாறாயின் தடை யாது? முதலாவது தடை கிளைப்பெட்டி. அதில் உள்ள வாய்கள் நிறைந்துவிட்டால் புதிய வீட்டுக்கு இடமில்லை. புதிய பெட்டி வைக்கவேண்டும். இரண்டாவது தடை கம்பம். மின்கம்பத்தைப் பயன்படுத்துவதற்கு அதற்குரிய நிறுவனத்தின் இணக்கம் வேண்டும். வீதியோரத்தில் வெட்டுவதற்கு அவ்வீதிக்குரிய அதிகாரசபையின் அல்லது பிரதேச சபையின் இணக்கம் வேண்டும். மூன்றாவது தடை கணக்கு. நகரத்தின் ஒரு கிலோமீற்றர் வீதியில் நூறு வீடுகள் இணைப்புப் பெறலாம். ஒழுங்கையின் கோடியில் ஐந்து வீடுகளே பெறலாம். கம்பத்தின் விலையும் இழையின் விலையும் கூலியும் இரண்டிடத்தும் ஒன்றே. இலாபத்தை நோக்கும் எந்த நிறுவனமும் நூறு வீடுகள் உள்ள வீதிக்கே முதலிற் செல்லும். இதிற் பகைமை எதுவும் இல்லை, எண்கணிதமே உண்டு. ஆயினும், எண்கணிதத்தை மட்டும் நம்பி நாடு நடத்தினால், கடைசி வீடு எக்காலத்தும் கடைசி வீடாகவே இருக்கும்.

கோபுரத்திலிருந்து வரும் வானலை இணைப்பு இத்தடைகளைச் சிறிது தாண்டிற்று என்பது உண்மையே. ஆனால் கோபுரத்தின் ஒரு திசைக்குரிய வேகம் அத்திசையில் உள்ள அனைவருக்கும் பொதுவானது. பகலில் நன்றாக ஓடும் இணைப்பு, ஊரார் அனைவரும் வீடு திரும்பிய மாலையிற் சோர்ந்துபோவதன் காரணம் இதுவே. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் செய்மதி வழியான இணைப்பும் இலங்கையிற் கிடைக்கின்றது. கம்பமும் கோபுரமும் இல்லாத காட்டுப்புறத்துக்கு அது பெருந்துணை. ஆனால் அதன் கருவிக்கும் மாதக் கட்டணத்துக்கும் செலவிடும் பணம் ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு எளிதில் எட்டுவதன்று.

வேகமான இணையம் ஆடம்பரம் அன்றோ, அதற்காக இத்துணைக் கவலை ஏன் என்று வினவுவோரும் உளர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வினா பொருந்தியிருக்கலாம். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொள்ளை நோய் பாடசாலைக் கதவுகளை அடைத்தபோது கல்வி முழுவதும் கைப்பேசித் திரைக்குட் சென்றது. ஊவா மாகாணத்தின் பொகிட்டியாவ என்னும் மலைக்கிராமத்திற் பிள்ளைகளும் ஆசிரியரும் அலை கிடைப்பதற்காகக் காட்டு வழியே நடந்து பாறையொன்றின்மீது ஏறி அமர்ந்தனர். அக்காட்சி உலகச் செய்தித்தாள்களில் வெளிவந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் பற்றாக்குறை நேர்ந்தபோது, ஒரு வாகனத்துக்குரிய பங்கைப் பெறுவதற்குக்கூட இணையத்திற் பதிந்து கியூஆர் குறியீட்டைப் பெறவேண்டியிருந்தது. பரீட்சைப் பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பமும் இணையத்தின் வழியாகவே வருகின்றன. அரசாங்கமே இணையத்தை வாசலாக அமைத்துக்கொண்டபின், அவ்வாசலுக்குச் செல்லும் வழியை ஆடம்பரம் என்று சொல்லுதல் நியாயமாகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வேகம் என்று விளம்பரங்கள் கூறுவது பெரும்பாலும் வீட்டுக்குள் வரும் வேகத்தையே. வீட்டிலிருந்து வெளியே செல்லும் வேகம் அதனிலும் மிகக் குறைவு. பத்துப் பக்க ஒப்படையை ஒளிப்படங்களாக அனுப்ப விரும்பும் மாணவியை எடுத்துக்கொள்வோம். படம் ஒன்று ஐந்து மெகாபைற்று எனின், அது நாற்பது மெகாபிற்று ஆகும். வெளியே செல்லும் வேகம் அரை மெகாபிற்றாயின், ஒரு படத்துக்கு எண்பது வினாடி. பத்துப் படங்களுக்குப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். இடையில் ஒருமுறை அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒப்படைக்கும் நேரம் நள்ளிரவு பன்னிரண்டு மணியுடன் முடிகின்றதென்றால் அவளது அறிவும் உழைப்பும் அக்கம்பியின் தயவில் நிற்கின்றன. நகரத்து மாணவி பத்து வினாடியிற் செய்து முடிப்பதை இவள் மன்றாடிச் செய்கின்றாள். கல்வியிற் சமவாய்ப்பு என்னும் சொல்லின் பொருள் இங்கேதான் உரைத்துப் பார்க்கப்படுகின்றது.

கடைசி வீட்டைப் புறக்கணிக்கலாகாது என்பதைச் சில நாடுகள் சட்டமாகவே ஆக்கிவிட்டன. பின்லாந்து 2010ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாளிலிருந்து ஒவ்வொரு குடிக்கும் ஒரு மெகாபிற்று இணைப்புப் பெறும் உரிமையை வழங்கிற்று. பிரித்தானியா 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து பத்து மெகாபிற்றைக் கேட்டுப் பெறும் உரிமையை நடைமுறைப்படுத்திற்று. இவ்வேகங்கள் சிறியவை என்பது உண்மை. ஆனால் உரிமை என்றும் சலுகை என்றும் இரண்டு உண்டு. சலுகையைக் கேட்பவன் காத்திருக்கவேண்டும், உரிமையைக் கேட்பவனுக்கு விடை சொல்லவேண்டும். இலங்கையிலும் ஆணைக்குழு கிராமங்களுக்குத் தொடர்பைக் கொண்டுசெல்லும் திட்டம் ஒன்றை இரத்தினபுரி மாவட்டத்திலே தொடங்கி, கோபுரங்கள் அமைக்கும் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது. அது நல்ல தொடக்கம். எனினும், கோபுரம் எழுவது வேறு. ஒழுங்கைக்குள் இழை வருவது வேறு.

இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் நிகழ்ந்தது அறிந்துகொள்ளத் தக்கது. அங்குள்ள மலைப்புறக் கிராமங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் வரவில்லை. 2011ஆம் ஆண்டிற் கிராமத்தார் தாமே ஒரு சமுதாயச் சங்கத்தை அமைத்தனர். ஊரார் பங்குகளை வாங்கி முதலைத் திரட்டினர். உழவர்கள் தம் வயல்களின் ஊடே இழை செல்வதற்குக் கட்டணமின்றி இடங்கொடுத்தனர். பலர் தாமே மண்வெட்டி பிடித்துக் கால்வாய் வெட்டினர். வீடொன்றுக்கு ஆயிரம் மெகாபிற்று அளிக்கும் இணைப்பு அக்கிராமங்களுக்கு வந்தது. நகரத்தார் பலருக்கு அப்போது அவ்வேகம் கிடைத்திருக்கவில்லை. இம்முயற்சியை இங்கு அவ்வாறே பின்பற்ற இயலாது. உரிமம் இன்றித் தொலைத்தொடர்பு அமைப்பை நடத்துவதை இலங்கைச் சட்டம் இசைவதில்லை. ஆனால் அதன் உட்பொருளை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. தனியொரு வீடு கேட்டபோது இழப்பாகத் தோன்றிய ஒழுங்கை, ஊர் ஒன்றாய்க் கேட்டபோது இலாபமாயிற்று.

அதற்கு லங்காஷயர் வரை செல்லவேண்டுவதும் இல்லை. அம்பாறை மாவட்டத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் மூன்று பதிற்றாண்டுகளுக்குட் சீரழிந்துபோயின. தலைமடையில் நீர் வீணாயிற்று, கடைமடை வறண்டது. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே திருத்தவேலைகள் நடைபெற்றபோது, கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர்களை அமைப்பாளர்களாக விவசாயிகளிடம் அனுப்பின. விவசாயிகள் குழுக்களாகக் கூடினர். வாய்க்கால்களைக் கூடித் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைமடையில் இருந்த சிங்கள விவசாயிகள், கடைமடையில் இருந்த தமிழ் விவசாயிகளுக்கு நீரை விட்டுக்கொடுத்தனர். நாட்டில் இனப்பகை மூண்டெழுந்த அக்காலத்திலேயே இது நிகழ்ந்தது. நோர்மன் அப்ஹொஃப் என்னும் அறிஞர் 1992இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார். வாய்க்கால் திருந்தியதற்கு வாய்க்காலைத் திருத்தியது மட்டும் காரணமன்று. வாய்க்காலோடு தொடர்புடையோர் ஒன்றுகூடியதும் காரணமாகும்.

இனி, ஒழுங்கைக்கோடி வீட்டார் செய்யத்தக்கவை யாவை என்பதைத் தொகுத்துப் பார்க்கலாம்.

முதலாவதாக, அளந்து பார்க்கவேண்டும். வை-பை வழியாக அன்றி, இணைப்புக் கருவியுடன் கணினியைக் கம்பியாற் பொருத்தி, காலை, மாலை, இரவு என்று ஒரு கிழமை வேகத்தை அளந்து நாளையும் நேரத்தையும் குறித்துவைக்கவேண்டும். காலையிலும் இரவிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் குறை கம்பியில் இருக்கலாம். மாலையில் மட்டும் குறைந்தால் நெரிசலே காரணம் எனலாம். செப்புக் கம்பி இணைப்பாயின், கருவியின் உட்பக்கத்தில் நலிவின் அளவு எண்ணாகக் காட்டப்படும். அவ்வெண்ணைக் கூறுபவருடன் தொழினுட்பவியலாளர் வேறு விதமாகவே பேசுவர்.

இரண்டாவதாக, கேட்கவேண்டிய கேள்விகளைச் சரியாகக் கேட்கவேண்டும். எப்போது வரும் என்று கேட்டால் விடை வராது. வீட்டுக்கு மிக அருகில் உள்ள கிளைப்பெட்டி எங்கே உள்ளது? அதில் வாய்கள் எஞ்சியுள்ளனவா? எத்தனை கம்பங்கள் குறைவு? எவரின் அனுமதி கிடைக்கவில்லை? இவற்றுக்கு விடை உண்டு. இக்கேள்விகளைத் தமிழிற் கேட்கவும் தமிழில் விடை பெறவும் மக்களுக்கு உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. நலிவு, கிளைப்பெட்டி, ஒளியிழை போன்ற சொற்கள் தமிழில் இல்லை என்று எவரும் தயங்கவேண்டியதில்லை. 1936ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, இதே கரையில், தம்பிலுவிலுக்கு வடக்கே உள்ளது. அறிவியலைத் தமிழிற் பேசலாம் என்பதை இக்கரையோரம் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது.

மூன்றாவதாக, ஒழுங்கை முழுவதும் சேர்ந்து எழுதவேண்டும். ஒரு வீடு தனித்து விண்ணப்பித்தால் அது ஒரு கோப்பில் ஓர் ஏடு. இருபது வீடுகள் முகவரியுடனும், எந்தத் திட்டத்தைப் பெற ஆயத்தமாக உள்ளனர் என்ற விவரத்துடனும், வேலிக்கரையாற் கம்பம் நடுவதற்கு இடந்தரும் இசைவுடனும் கையொப்பமிட்டால், நிறுவனத்தின் கணக்கே மாறும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிருவாகமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் இதனை எளிதில் முன்னெடுக்கலாம். பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் அனுப்புதல் நன்று. வீதி வெட்டும் அனுமதி அங்கே தாமதமாகியிருந்தால் அதுவும் வெளிப்படும்.

நான்காவதாக, விடை வாராவிடின் சட்டத்தைத் துணைக்கொள்ளவேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பாவனையாளரின் முறைப்பாடுகளை ஏற்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்டு. ஆணைக்குழு போன்ற அரச அமைப்புகளும், அரசுக்கு நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் குறையாத பங்கு உள்ள கம்பனிகளும் அச்சட்டத்துக்குள் அடங்கும். கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாள்களுக்குள் அவை அறிவிக்கவேண்டும். தம் பிரதேசத்துக்கென வகுக்கப்பட்ட விரிவாக்கத் திட்டம் யாது, அது எந்த ஆண்டுக்குரியது என்று ஊரார் இச்சட்டத்தின் கீழ் எழுத்திற் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தந்துவிட்டுச் செல்லுங்கள் என்ற விடையைக் காட்டிலும் இது திண்ணியது.

மக்கள் செய்யவேண்டியது இவ்வளவாயின், அரசும் ஆணைக்குழுவும் செய்யவேண்டியதும் உண்டு. மாவட்டத்தின் பெயரை வரைபடத்தில் நிறந்தீட்டிவிட்டு அம்மாவட்டத்துக்குத் தொடர்பு வந்துவிட்டது என்று கணக்கிடும் வழக்கம் நீங்கவேண்டும். எந்த ஒழுங்கையில், எந்தக் கம்பம் வரை, எந்த வேகம் என்ற விவரம் எவரும் காணக்கூடியதாக இருத்தல்வேண்டும். ஒரு நிறுவனம் நாட்டிய கம்பத்தை மற்றொன்றும் பயன்படுத்துமாறு செய்தால், ஐந்து வீட்டு ஒழுங்கைக்கும் செலவு குறையும். இலாபம் தராத கடைசிக் கட்டைத் தூரத்துக்குப் பொதுப் பணத்திலிருந்து உதவுதல் தவறாகாது. வீதியும் பாடசாலையும் மின்சாரமும் கிராமத்துக்கு வந்தது அவ்வாறே. கல்லோயா வாய்க்கால் எந்த வயலுக்கும் இலாபக் கணக்குப் பார்த்து வெட்டப்படவில்லை.

ஓர் இணைப்பு அமைப்பின் சிறப்பை அளப்பதற்கு அதன் தலைநகரத்து வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் போதாது. குளத்தில் உள்ள நீரைக் கண்டு மகிழ்பவர் பலர். கடைமடையிற் சென்று பார்த்தபின்பே உழவன் திட்டத்தைப் பற்றிப் பேசுவான். கடற்கரை மணலில் முடியும் ஒழுங்கையில், நள்ளிரவுக்கு முன் ஒப்படையை அனுப்பக் காத்திருக்கும் மாணவியின் திரையில் எந்த வேகம் தெரிகின்றதோ, அதுவே இந்நாட்டின் உண்மையான வேகம். அவ்வேகத்தை உயர்த்துவதற்கு வேண்டிய இழை சந்தி வரை வந்துவிட்டது. எஞ்சியிருப்பது சில நூறு மீற்றர் தூரம். அதற்கு வேண்டுவன சில கம்பங்களும், ஒரு கிளைப்பெட்டியும், ஊராரின் ஒன்றுபட்ட கையொப்பமும், அதற்கு உரிய காலத்தில் விடையளிக்கும் கடமையுணர்வுமே.